கேன்சலில் போகிறவரின் பாட்டு

பர் துபாயில் ஒரு பழைய ஹோட்டலின் முதல் மாடியில் எங்கள் பார் இருந்தது. இப்போதும் இருக்கிறது, ஆனால் அதை எங்கள் பார் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. அன்றைக்கு அதற்குத் தாழ்வான கூரை, கம்பளம் முழுக்க சிகரெட் வாடை, மூலையில் பாய் விரித்த அளவுக்கு ஒரு மேடை. கீபோர்டுக்கு ஒருவர், தபேலாவுக்கு ஒருவர், பாட ஒரு பெண். உட்கார்ந்ததும் கேட்காமலே சுண்டல் வரும். தீர்ந்தால் மறுபடி வரும். நாங்கள் என்ன குடிப்போம் என்பது பரிமாறுகிறவருக்குத் தெரியும். போன வாரம் எந்த மேசையோடு சண்டை போட்டோம் என்பதும் தெரியும். அதனால் அந்தப் பக்கம் இடம் காலியாக இருந்தாலும் எங்களை அங்கே உட்கார விடமாட்டார்.

அப்போது வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அஜ்மானிலிருந்து பஸ் பிடித்து வருவோம். ஏசி மெக்கானிக், கிரேன் ஓட்டுகிறவர், டைப்பிஸ்ட், மளிகைக்கடை சேல்ஸ்மேன் எல்லோரும் வாரத்துக்கு ஒருநாள் இஸ்திரி போட்ட சட்டையில் இருப்போம். வேலையிடத்தில் 'ஜல்தி, ஜல்தி' என்று விரட்டப்பட்டவனை அங்கே ஒருவரும் விரட்டமாட்டார்கள். ஒரு கிளாஸை வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை ஊர்க்கதை பேசலாம். எனக்கு அது சொர்க்கம். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

விசாவை ரத்து செய்துவிட்டு ஒரேயடியாக ஊருக்குப் போவதை இங்கே கேன்சலில் போவது என்போம். அந்த பாரில் ஒரு வழக்கம் இருந்தது. கேன்சலில் போகிறவர் தன் கடைசி வெள்ளியன்று மேடையேறி ஒரு பாட்டு பாடியே ஆகவேண்டும். தொண்டை கட்டியிருக்கிறது, குரல் வராது என்ற சாக்கெல்லாம் எடுபடாது. கிரேன்காரர் ஒருவர் தாலாட்டு பாடினார். அவருக்கு முழுசாகத் தெரிந்தது அது ஒன்றுதானாம். இன்னொருவர் கண்ணை மூடிக்கொண்டு முருகன் பாட்டை எடுத்துவிட்டார். அத்தனை மேசையிலும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, அவர் முடிக்கும்வரை ஒருவரும் தொடவில்லை. தப்பித்த கோழியைத் துரத்துவது மாதிரி கீபோர்டுக்காரர் அவர்கள் சுருதியைத் துரத்திக்கொண்டே இருப்பார். முடிந்ததும் முன்பின் தெரியாதவர்கள்கூட வந்து கட்டிப்பிடித்து அனுப்புவார்கள்.

அந்தப் பாட்டுகள் எல்லாவற்றுக்கும் கைதட்டியவர் என் அறைக்காரர். புதுக்கோட்டைப் பக்கம், ஏசி மெக்கானிக். எந்த உறவும் இல்லை என்றாலும் அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்ள. இந்த வருடம் அவர் முறை வந்தது. கேன்சல் ஆகி, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது.

"மாப்ள, நானும் ஒரு பாட்டு பாடிட்டுத்தான்யா போவேன். எத்தன பேருக்குக் கைதட்டியிருக்கேன்!" என்றார். குளியலறையில் ஒத்திகையும் ஆரம்பித்துவிட்டார். பழைய சினிமாப் பாட்டு ஒன்று. அடுத்த அறைக்காரர்கள் சுவரைத் தட்டியபோதும் நிறுத்தவில்லை. ஊருக்குப் போவதைவிட அந்தப் பாட்டைப் பற்றித்தான் அவருக்குப் படபடப்பு அதிகமாக இருந்தது. கேட்பதற்கு அங்கே நம் பழைய ஆட்கள் யாரும் மிச்சமில்லையே என்று எனக்குக் கவலை.

இப்போது சனி, ஞாயிறுதான் விடுமுறை. சனிக்கிழமை மதியம் போனோம். மேடை இருந்த மூலையில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி, அதில் கிரிக்கெட். மெனு கேட்டால் மேசையில் ஒட்டியிருக்கும் கட்டத்தை ஃபோனில் படம் பிடிக்கச் சொன்னார்கள். குடிக்க வந்தவனுக்குப் பரீட்சை வைக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு மேசையிலும் நான்கு பேர், நான்கு ஃபோன்.

பரிமாற வந்த நேபாளத்துப் பெண்ணிடம் மைக் கிடைக்குமா, இவர் ஒரு பாட்டு பாட வேண்டும் என்று இந்தியில் கேட்டேன்.

"மைக் மாஃபி சார்," என்றாள் சிரித்துக்கொண்டே. இல்லை என்பதற்கு இங்கே எல்லா நாட்டுக்காரர்களும் சொல்லும் அரபு வார்த்தை அது. "இன்னிக்கு இவருக்கு ஸ்பெஷல் டேயா?"

"ரொம்ப ஸ்பெஷல்," என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.

கிரிக்கெட் இடைவேளையில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். மச்சான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தார். மைக் இல்லாமலே ஆரம்பித்தார். குளியலறையில் கேட்ட குரல் இல்லை. நடுக்கம் இருந்தது, ஆனால் நன்றாகவே இருந்தது. இரண்டு மேசை தள்ளி இருந்த நம்மூர் இளவட்டங்கள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினார்கள். நான் மேசையில் தாளம் போட்டேன். பல்லவி முடிந்து சரணத்துக்குள் நுழைந்தபோது பொசுக்கென்று விளக்கெல்லாம் அணைந்தது.

ஸ்பீக்கரில் 'ஹேப்பி பர்த்டே' அலறியது. மத்தாப்பு செருகிய கேக்கோடு அந்தப் பெண் முன்னால் வர, பின்னால் மொத்த ஊழியர்களும் கைதட்டிக்கொண்டு வரிசையாக வந்தார்கள். இந்தக் காலத்து பாரில் ஸ்பெஷல் டே என்றால் அது ஒன்றுதான் போலிருக்கிறது. மச்சானின் சரணம் அந்த அலறலில் காணாமல் போய்விட்டது. அவர் வாய் அரைகுறையாகத் திறந்தபடி நின்றிருந்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நிறுத்தச் சொல்லி எழப்போனேன். அவர் என் தோளை அழுத்தி உட்கார வைத்தார்.

"விடு மாப்ள. அந்தப் புள்ள மொகத்தப் பாரு, எவ்வளவு சந்தோஷமா இருக்கு. எனக்கு எவன்யா இதுவரைக்கும் கேக் வெட்டுனான்? என் பொறந்த நாளே வாத்தியார் குத்துமதிப்பா எழுதுனதுதான!"

கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தார். ஊதச் சொன்னபோது மத்தாப்பை ஊதிப் பார்த்தார். அது அணையாததைக் கண்டு இன்னும் அதிகமாகச் சிரித்தார். பிறகு கேக்கை வெட்டித் தட்டில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போக ஆரம்பித்தார். சீன முகம், ஆப்பிரிக்க முகம், பஞ்சாபித் தலைப்பாகை எதையும் விடவில்லை. எல்லோரும் எழுந்து கை கொடுத்தார்கள். ஒரு பெரியவர் கட்டியே பிடித்துக்கொண்டார். வந்ததிலிருந்து மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்த அந்த பாரை எனக்கே கொஞ்சம் பிடித்துவிட்டது.

கடைசியாக நம்மூர் இளவட்டங்களின் மேசைக்குப் போனோம்.

"அங்கிள், செமயா பாடுனீங்க! நடுவுல கெடுத்துட்டாங்க," என்றான் ஒருவன். "அடுத்த வருஷம் பர்த்டேக்கும் நீங்க இங்கதான் வரணும். முழுப் பாட்டும் பாடணும். நாங்களும் வந்துருவோம்."

மச்சான் விரலில் ஒட்டியிருந்த கிரீமை டிஷ்யூவில் துடைத்தார். கொஞ்ச நேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"வந்துர்றேன் தம்பி," என்றார். "எனக்கு வேற எங்க போக்கிடம்?"

மறுநாள் காலையில் அவருக்கு விமானம். அவர் சொன்ன விதத்தில் ஒரு நிமிடம் நானும் அதை மறந்துபோனேன்.