திங்கட்கிழமைக் கோடு

எங்கள் அலுவலகத்தில் தபால் பதிவேடு எழுதும் அம்மாளுக்கு நாங்கள் வைத்த பெயர் கோட்டம்மா. தினமும் மாலை, அன்று வெளியே போன கடைசிக் கடிதத்தின் கீழே அடிக்கோல் வைத்து ஒரு கோடு போட்டுக் கையெழுத்திடுவார். அதற்குப் பிறகு யார் வந்து நின்றாலும் மறுநாள் தேதிதான். முப்பத்தோரு வருடமாக இதே கதை. நாங்களும் கேலி செய்து அலுத்துப் போனோம்.

ஒரு திங்கட்கிழமை அவர் கணவருக்கு மூச்சுத்திணறல். போன் வந்ததும் போட்டது போட்டபடி ஓடினார். பக்கத்தின் அடியில் ஒரு வரி காலியாகக் கிடந்தது; செவ்வாய்க்கிழமைப் பதிவு அடுத்த பக்கத்தில் தொடங்கிவிட்டது.

செவ்வாயன்று நீதிமன்றம், வாய்க்கால் கரை வீடுகளை இடிக்க இனிமேல் உத்தரவு போடக் கூடாது என்றது. ஏற்கெனவே போட்டிருந்தால் செல்லும். புதனன்று அதிகாரி என்னைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை தேதியில் இடிப்பு உத்தரவைத் தட்டச்சு செய்யச் சொன்னார். செய்தேன். எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

அவரே அதைக் கோட்டம்மாவிடம் எடுத்துப் போனார். "அந்தக் காலி வரியில ஏத்திடுங்கம்மா. நம்பர் பக்கத்துல ஒரு 'ஏ' போட்டுக்கலாம்."

"திங்கக்கிழமை முடிஞ்சு போச்சுங்க சார்."

"கோடு போடலையே?"

"என் தப்புதான் சார்." அடிக்கோலை எடுத்தார். அதிகாரியின் கண்ணெதிரிலேயே காலி வரியின் குறுக்கே கோடு போட்டு, 'புதன்கிழமை போட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

வீடுகள் தப்பின. அதிகாரி நல்ல இடமாகப் பார்த்து மாற்றலாகிப் போனார். மெமோ வந்தது கோட்டம்மாவுக்குத்தான்: திங்கட்கிழமை பதிவேட்டை ஏன் முடிக்கவில்லை? அதையும் தட்டச்சு செய்தவன் நான்தான். வெட்கமாக இருந்தது. தன் மெமோவுக்குத் தானே எண் போட்டுப் பதிவு செய்துகொண்டார் அவர்.

விஷயம் எப்படியோ வெளியே கசிந்தது. ஒரு மாலை வாய்க்கால் கரைப் பெண் ஒருத்தி ஜன்னலருகே வந்து நின்றாள்.

"நன்றியெல்லாம் வேணாம்மா, வீட்டுக்குப் போ" என்றார் கோட்டம்மா.

"அதுக்கு வரலக்கா. ஒரு நாள் விட்டுப்போனதுக்கே வீடு போகப் பாத்துதே, தினம் நீங்க கோடு போடறதப் பாக்கணும். எங்க தெருவுல முறை வச்சிருக்கோம். நாளைக்கு என் நாத்தனார் வருவா."

கோட்டம்மாவின் முகம் வாடிவிட்டது. பிறகு அவளுக்குத் தெரியும்படி பதிவேட்டை ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்து, அடிக்கோலை எடுத்தார்.