அழித்த பெயரைத் திரும்பப் பதிந்தவர்

குலசிங்கம் அத்தானின் அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை, நேற்று முடிந்தது. என் அக்கா இராசமலரின் கணவர். திருகோணமலைத் துறைமுகத்துக்குக் கிட்ட, கணினி திருத்தும் சிறிய கடை வைத்திருந்தவர்.

வன்னியில் வேலைசெய்த நிவாரணக்காரர்கள் கொழும்புக்குப் போகுமுன் அவரிடம் வருவார்கள். ஒருமுறை இணைந்த வயர்லெஸ் தொடர்பின் பெயரை மடிக்கணினி மறக்காது. புலிகளின் கையில் இருந்த கிளிநொச்சியின் பெயரொன்று இராணுவச் சோதனைச் சாவடியில் கண்ணில் பட்டால் போதும், ஆள் உள்ளேதான். அத்தான் அந்தப் பெயர்களை நீக்கிவிடுவார். ஆனால் முழுவதையும் நீக்கமாட்டார். வெறுமையாகக் கிடந்தாலும் சந்தேகப்படுவார்கள் என்று ஏதாவதொரு விடுதியின் பெயரை விட்டுவைப்பார்.

நிவாரண வாகனச் சாரதி ஸெய்னுதீன் பகிடி விடுவார். "அண்ணன், பொண்டாட்டி பாக்க முதல் என்ட போனையும் ஒருக்காக் கழுவித் தாங்களன்."

தன் மடிக்கணினியில் மட்டும் அத்தான் ஒரு பெயரைத் தொடவில்லை. அது அவருடைய தங்கை கமலாதேவி வேலைசெய்த கிளிநொச்சி அலுவலகத்துடையது. அவர் அங்கே போயிருந்தபோது அவளே கடவுச்சொல்லைத் தட்டிக் கொடுத்தாள். சென்ற புரட்டாதியில் நிறுவனங்கள் வெளியேறின. வன்னியை விட்டு வெளியேறப் புலிகள் கொடுக்கும் பாஸ் அவளுக்குக் கிடைக்கவில்லை. அதன்பிறகு ஒரு தகவலும் இல்லை.

கார்த்திகையில் ஒருநாள் ஆமிக்காரர் எங்கள் பகுதியைச் சுற்றிவளைத்தார்கள்.

"அடுத்த ஒழுங்கைக்கு வந்திட்டாங்கள். ஊருக்கெல்லாம் அழிச்சுக் குடுக்கிறீங்கள், உங்களுக்கு மட்டும் வேற சட்டமே?" என்றாள் அக்கா.

"அது தொழில், மலர்."

"அவளைத் தேட நீங்கள் உயிரோட இருக்க வேணும்."

அத்தான் நீக்கினார்.

வந்தவர்கள் அரிசி மூட்டையைக் குத்திப் பார்த்தார்கள். ஒருவன் கணினியைத் தூக்கிப் பார்த்து, "கேம் இருக்கா?" என்று மட்டும் கேட்டான்.

அவர்கள் போனதும் அத்தான் அந்தப் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டித் திரும்பவும் சேர்த்தார். கமலா தட்டிய கடவுச்சொல் நீக்கத்தோடு போய்விட்டது. அந்தச் சொல் என்னவென்று அவருக்குத் தெரியாது. கைக்கு வந்த எண்களை நிரப்பிவிட்டு, பெயரைப் பட்டியலின் உச்சிக்கு ஏற்றினார். கணினி முதலில் அதைத்தான் தேடும். கிடைக்காத பெயரின் பக்கத்தில் ஒரு சிவப்புக் குறுக்குக்கோடு நிற்கும்.

ஸெய்னுதீன் கண்டுவிட்டார். "அண்ணன், அந்தக் கட்டடமே இப்ப இல்லையாம்."

"ஓம், தெரியும்."

தை முடிவில் நெஞ்சுவலி வந்து அத்தான் போய்விட்டார்.

இன்று அக்கா கணினியைத் திறந்தாள். உச்சியில் அந்தப் பெயர், பக்கத்தில் சிவப்புக் குறுக்குக்கோடு.

"அக்கா, நீக்கி விடட்டே?" என்றேன்.

"கிடக்கட்டும். திரும்பச் சுத்திவளைச்சாப் பாப்பம்."