அடுப்பில் போட்ட போட்டோ

காங்கேயம் பக்கத்தில் எங்களுக்குத் தேங்காய்க் களம் இருக்கிறது. போன வருஷம் ஊர் சுற்ற வந்த ஒரு வெளிநாட்டுப் பெண், கொப்பரை காயவைத்துக்கொண்டிருந்த என் மனைவியைப் படமெடுத்தார். எடுத்த உடனே படம் வெளியே வரும் கேமரா அது. படத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனார்.

"ஏனுங்க, இங்க பாருங்க, எப்படிச் சிரிக்கறேன்னு!" என்று ஓடிவந்து நீட்டினாள்.

என்னோடு இரண்டு வியாபாரிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். படத்தில் அவள் பழைய நைட்டியும் தலையில் துண்டுமாக நின்றாள். எனக்குக் கூச்சமாகிவிட்டது.

"இந்தக் கோலத்துலயா போட்டோ எடுத்துக்குவ?" என்று பிடுங்கி, டீ கொதித்த அடுப்பில் போட்டேன். அவள் களத்துக்குத் திரும்பிப் போனாள்.

மூன்றாம் மாதம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனாள். மாலை போடப் படம் தேடினோம். அவளுக்குப் பல் சற்று எடுப்பு. அதனால் கல்யாண ஆல்பத்திலும் செல்போனிலும் உதட்டை இறுக்கிக்கொண்டே நிற்கிறாள்.

"அம்மா சிரிக்கற போட்டோ ஒண்ணுகூட இல்லீங்களாப்பா?" என்று மகள் கேட்டாள்.

"இல்ல கண்ணு" என்றேன்.

உண்மையை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. மகள் இந்தப் பக்கத்தைப் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.