எறும்பும் நுழையாத சுவர்

கிண்ணியாவில் மேசன்மாருக்குப் பஞ்சமில்லை. ஆனால் பூசி முடித்த சுவரில் கன்னத்தை ஒட்டி வைத்து, ஒரு கண்ணை மூடி, அதன் நீளத்துக்கும் பார்த்துவிட்டுத் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிற மேசன் றுமைஸ் ஒருவர்தான். அந்தப் பார்வையில் ஒரு மேடோ குழியோ தட்டுப்பட்டால் அன்று அவருக்குப் பகல் சோறு இறங்காது. கலியாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார். மாப்பிள்ளைக்குப் பின்னால் இருக்கிற சுவரைப் பார்ப்பார். “நான் பூசின சுவர்ல எறும்பும் நுழைய ஏலாது” என்று அவர் சொல்லாத நாள் கிடையாது.

ஆள் இலேசுப்பட்டவரும் இல்லை. சுவர் வெடித்தால் சீமெந்தின் பிழை, ஈரம் காட்டினால் மணலின் பிழை, இரண்டும் இல்லையென்றால் வீட்டுக்காரர் தண்ணீர் தெளிக்காத பிழை. தன்னுடைய பிழை என்ற ஒன்றை அவர் அதுவரை நேருக்கு நேர் சந்தித்ததே இல்லை.

அவருடைய மனைவி ஸஹ்ராவுக்குச் சுவர் ஒரு பொருட்டே அல்ல. அவருடைய பெருமை எல்லாம் வளவில் படர்ந்த பூசணிக் கொடியில்தான் இருந்தது. அந்த ஒழுங்கையில் யார் வீட்டில் கொடி வைத்தாலும் விதை ஸஹ்ராவிடமிருந்துதான் போகும். புருஷன் கொடியைச் சுவரில் ஏறவிடமாட்டார், மனைவி கொடிக்குப் பக்கத்தில் சாந்து குழைக்கவிடமாட்டார். இப்படி ஆளுக்கொரு எல்லை போட்டுக்கொண்டு இருவரும் சமாதானமாகத்தான் வாழ்ந்தார்கள்.

நோன்புப் பெருநாள் வந்தால் வீடு வெள்ளையாக வேண்டும் என்பது ஊர் வழக்கம். பெயின்ட் அடிப்பதற்கு முன் வெடிப்புப் பூச, ஓட்டை அடைக்க ஒழுங்கை முழுவதும் றுமைஸைத்தான் கூப்பிட்டது. அந்த வருஷம் அவர் ஒரு வெறியோடுதான் இறங்கினார். அநேகமாக எல்லா வீட்டுச் சுவரிலும், புளொக் கல்லின் இடுக்கில், நுளம்பளவே உள்ள சிறு தேனீக்கள் குடியிருந்தன. கொட்டத் தெரியாத சாதுவான சாதி. வாசலில் பிசினால் ஒரு சின்னக் குழல் கட்டி வைத்துக்கொண்டு போவதும் வருவதுமாக இருக்கும். மற்றவர்கள் அதைக் கண்டும் காணாமல் விட்டுவிடுவார்கள். றுமைஸுக்கோ அது தன் முகத்துக்கு நேரே யாரோ செய்த அவமரியாதை. குழலைத் தட்டிவிட்டு, ஒரு கரண்டி சாந்து, மேலே ஒரு தேய்ப்பு. ஒழுங்கையில் ஒரு ஓட்டை மிச்சமில்லை. பெண்கள் தங்கள் பங்குக்கு வேலியோரத்துத் தும்பையையும் மற்றப் பூண்டுகளையும் வேரோடு பிடுங்கி, வளவை வெறும் மணலாக்கிக் கூட்டி வைத்தார்கள்.

கடைசியாகத் தன் வீட்டு முன்சுவருக்கு வந்தார். குசினி யன்னலுக்குக் கீழே இருந்த ஓட்டையை அடைத்துவிட்டு நிமிர்ந்தபோது, வெளியே போயிருந்த தேனீக்கள் திரும்பி வந்தன. காலில் மஞ்சள் மகரந்தத்தோடு அந்த வழுவழுப்பான சுவரில் அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தன. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்களோ என்று வாசலில் நிற்கிற சனத்தைப் போல இருந்தது அது. றுமைஸின் நெஞ்சில் என்னவோ செய்தது. நோன்புக் களைப்பு என்று முடிவு செய்துகொண்டு உள்ளே போய்ப் படுத்தார்.

பெருநாள் கழிந்தது. கொடிகள் என்றும் இல்லாதபடி பூத்துக் குலுங்கின. ஆனால் பூவுக்கு அடியில் வருகிற பிஞ்சு, சுண்டைக்காய் அளவுக்கு வந்ததும் மஞ்சளித்து உதிர்ந்தது. ஸஹ்ராவின் கொடியில் மட்டுமல்ல, ஒழுங்கை முழுவதும் இதே கதைதான். விதை சரியில்லை என்று பக்கத்து வீட்டு றிஷானா முணுமுணுத்தாள். விதை கொடுத்த ஸஹ்ராவுக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றிலிருந்து அவர் ஒழுங்கையில் யாரோடும் நின்று கதைக்கவில்லை. எதிர்வீட்டு அஸ்மியா, இது கண்ணூறு என்று அடித்துச் சொன்னாள். கறுத்த சட்டியில் வெள்ளைப் புள்ளி வைத்துக் கொடிக்கு நடுவே நட வேண்டும் என்றாள். சுண்ணாம்பு யாரிடம் இருக்கிறது? றுமைஸ் வீடு வீடாகப் போய் முழு ஈடுபாட்டோடு புள்ளி வைத்துக் கொடுத்தார். பிஞ்சுகள் அதன் பிறகும் உதிர்ந்தன.

ஸஹ்ரா விடவில்லை. விவசாயக் கந்தோருக்குப் போன் எடுத்தார். நிருசா என்ற போதனாசிரியர், அன்புவழிபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சட்டிகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கொடிக்கு முன்னால் குந்தி இருந்தாள். பூவைப் பார்த்தபடியே இருந்தாள்.

“ராத்தா, கொடியில ஒரு நோயும் இல்ல. விதையும் நல்ல விதை. பூவுக்கு ஆக்கள் வாறேல்ல, அதுதான் பிரச்சினை” என்றாள். ஆண் பூ எது, பெண் பூ எது என்று காட்டினாள். இந்தத் தூளை அந்தப் பூவில் கொண்டுபோய்ச் சேர்க்கத் தேனீ வேண்டும், தேனீ இல்லாவிட்டால் காலையில் பூ விரிந்திருக்கும்போது மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு வைக்க வேண்டும் என்றாள். வேலியோரத்துத் தும்பையை இனிப் பிடுங்கவேண்டாம் என்றும் சொன்னாள். பிரஷ் என்றதும் எல்லோரும் றுமைஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஸ்கூட்டி வரைக்கும் அவளை வழியனுப்பப் போன றுமைஸிடம் நிருசா மெதுவாகக் கேட்டாள்.

“நானா, சின்னத் தேனீ சுவர் ஓட்டையிலதான் குடியிருக்கும். இந்தப் பக்கம் ஓட்டை ஒண்டும் இல்லையோ?”

“என்ன மிஸ் கேக்கிறீங்க. இந்த ஒழுங்கையில ஒரு ஓட்டை காட்டுங்க பாப்பம்” என்றார் றுமைஸ். பெருமை முந்திக்கொண்டு வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே விளங்கியது.

நிருசா ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டே, “நானும் அதத்தான் தேடினனான்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்தப் பேச்சை அவர் வீட்டுக்குள் கொண்டுபோகவில்லை. விடிந்ததும் மூலை வேலைக்கு வைத்திருந்த மெல்லிய பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கொடிக்குள் இறங்கினார். ஆண் பூவில் ஒரு தடவல், பெண் பூவில் ஒரு தொடுகை. ஆறேழு நாளில் பிஞ்சு உதிராமல் நின்றது. ஸஹ்ரா அதிசயப்பட்டுப் போனார். சேதி வேலி தாண்டியது. றிஷானா வந்தாள், பிறகு அஸ்மியா, பிறகு எல்லோரும். றுமைஸ் நானாவுக்குக் கைராசி என்றார்கள். மறுக்க அவருக்கு மனம் வரவில்லை. ஒழுங்கையில் அவருக்குக் ‘கலியாணத் தரகர்’ என்று பட்டப்பெயரும் விழுந்தது.

“தரகர் நானா, எங்கட வளவிலயும் ஒரு குமர் இருக்கு. நல்ல இடமாப் பாத்து முடிச்சு வைங்க” என்று அஸ்மியா வேலிக்கு மேலால் கூப்பிடுவாள். மற்றப் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். முதல் இரண்டு நாள் றுமைஸும் சேர்ந்து சிரித்தார். பூவோ வெயில் ஏறினால் சுருங்கிவிடும். அதற்குள் ஒழுங்கை முழுவதும் குனிந்து நிமிர்ந்து முடிக்க வேண்டும். முதுகு கழன்றது. வேலைக்குப் போகப் பிந்தியது. நுளம்பளவு தேனீ சம்பளமில்லாமல் செய்த வேலையை ஒரு முழு மேசன் செய்து முடிக்க முடியவில்லை.

இந்த நேரம் பார்த்து ஹஸ்மி ஹாஜியாரின் போன் வந்தது. பெரிய தெருவில் அவர் கட்டுகிற மாடி வீட்டின் பூச்சு வேலை முழுவதையும் ஒரே ஆளிடம் கொடுக்கப் போகிறாராம். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து றுமைஸின் முன்சுவரைப் பார்ப்பாராம். இப்படி ஒரு வேலைக்காக றுமைஸ் பல வருஷம் காத்திருந்தவர். அன்றே சுவரைக் கழுவித் துடைத்தார்.

வியாழக்கிழமை பின்னேரம் ஸஹ்ரா குசினியில் அரிசி அரித்துக்கொண்டு நின்றார். யன்னலுக்குக் கீழே தேனீக்கள் போய்வருவதைப் பார்த்தபடி அரிசி அரிப்பது அவருடைய பழைய வழக்கம். அது இப்போது இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது. சட்டியை வைத்துவிட்டு உட்சுவரில் காதை வைத்தார். பிறகு புருஷனைக் கூப்பிட்டார்.

“இஞ்ச வாங்க. சுவர்ல கன்னத்த வைங்க.”

“என்னத்துக்கு?”

“நீங்க வழமையா வைக்கிறதுதானே. இண்டைக்குக் கண்ணால பாக்காம காதால கேளுங்க.”

றுமைஸ் வைத்தார். வாழ்நாள் முழுவதும் சுவரில் கன்னம் வைத்த மனிதர், சுவர் முணுமுணுப்பதை முதல் தடவையாகக் கேட்டார். சன்னமான, நலிந்த ஓர் இரைச்சல். உள்ளே இன்னும் உயிர் இருந்தது.

“அந்த மிஸ் ஸ்கூட்டிக்குப் பக்கத்தில உங்களோட என்ன கதைச்சவ?” என்று ஸஹ்ரா கேட்டார். அவர் சுவரிலிருந்து கன்னத்தை எடுக்காமலே நின்றார். அதுவே பதிலாயிற்று. “என்ட விதையில குத்தம் எண்டு ஊர் கதைக்கக்குள்ள நீங்க சட்டிக்குப் புள்ளி வச்சுக்கொண்டு திரிஞ்சீங்க.”

“சனிக்கிழமை உடைக்கிறன். ஹாஜியார் வந்து பாத்திட்டுப் போகட்டும்.”

“உள்ளுக்கு இருக்கிறது உங்கட உம்மா வாப்பாவெண்டா சனிக்கிழமை வரைக்கும் வைப்பீங்களா?”

அன்று அவர் சோற்றைப் பிசைந்துவிட்டுக் கையைக் கழுவினார். வெள்ளிக்கிழமை காலை உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு தன் சுவருக்கு முன்னால் வந்து நின்றார். கன்னத்தை வைத்துக் கடைசியாக ஒரு தடவை நீளப் பார்த்தார். உண்மையிலேயே அருமையான சுவர்தான் அது. முதல் அடியை மெல்லத்தான் அடித்தார். உள்ளே அதிராதபடி சுரண்டிச் சுரண்டித் திறந்தார். புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசம் வந்தது. நெடுநேரம் ஒன்றும் வெளியே வரவில்லை. பிறகு ஒன்று நடந்து வந்து, ஓட்டையின் விளிம்பில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு பறந்தது. ஸஹ்ரா பக்கத்தில் நின்று அழுதார். றுமைஸ் தூசி பட்டுவிட்டதாகச் சொல்லிக் கண்ணைக் கசக்கினார்.

ஜும்ஆ முடிந்து ஹாஜியார் வந்தார். வெள்ளைச் சுவரின் நட்டநடுவில் பெயர்ந்துபோன ஓட்டையைப் பார்த்தார்.

“எறும்பும் நுழையாது எண்டீங்க” என்றார்.

சீமெந்து, மணல், தண்ணீர் எல்லாம் றுமைஸின் நாக்கு நுனி வரை வந்து நின்றன. அவற்றை விழுங்கிக்கொண்டார். “தேனீட வாசல் ஹாஜியார். அடைச்சது என்ட பிழை. திறந்துட்டன்.”

ஹாஜியார் மிச்சச் சுவரைத் தடவிப் பார்த்தார், ஓட்டையைப் பார்த்தார், ஸலாம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமை அந்த வேலை மேசன் பஹ்மிக்குப் போனது.

ஹாஜியார் வந்துபோன அன்று பின்னேரமே றுமைஸ் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொல்லித் தன் பூச்சைத் தானே உடைத்தார். றிஷானா வீட்டில் தேனீக்கள் உயிரோடு வந்தன. றிஷானா ஸஹ்ராவிடம் வந்து விதை விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். அஸ்மியா வீட்டுச் சுவரிலிருந்து கறுத்த தூள்தான் கொட்டியது. வாய் ஓயாத அஸ்மியா அதைக் கையில் அள்ளிக்கொண்டு போய்க் கொடியின் அடியில் போட்டாள். ஏசியிருந்தால் றுமைஸ் தாங்கியிருப்பார்.

அடுத்த மாரியும் போய்விட்டது. ஹாஜியார் மாடி வீட்டில் குடியேறியாயிற்று. பஹ்மி அவர் கேட்டபடியே ஊசி முனை இடைவெளியில்லாமல் பூசிக் கொடுத்திருந்தான். வளவுக்குச் சீமெந்துக் கல் பதித்ததில் ஒரு பூண்டு முளைக்க இடமில்லை. வேலியோரம் மட்டும் ஹாஜியாரின் மனைவி ஆசையாக ஒரு பூசணிக்கொடி வைத்திருந்தார். ஒரு காலை, சுபஹுத் தொழுகை முடிந்து வந்த கையோடு ஹாஜியார் போன் எடுத்தார்.

“றுமைஸ், வீட்டில ஒரே கரைச்சல். பூக்குது, காய்க்குதில்ல. அந்தப் பிரஷ்ஷைக் கொண்டு ஒருக்கா வாங்களன்.”

“பிரஷ் வேணாம் ஹாஜியார். உளியும் சுத்தியலும் கொண்டு வாறன். எங்கட சுவர்ல இப்ப தேனீக் கூட்டம் கூடிப் போச்சு, அதுல கொஞ்சத்தக் கொண்டுவந்து குடியேத்தலாம்.”

மறுமுனையில் பின்னாலிருந்து ஹாஜியாரின் மனைவி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

“சரி வாங்க. பின்சுவர்ல, ஆரும் காணாத இடமாப் பாத்து உடைப்பம்” என்றார் ஹாஜியார்.

“முன்சுவர்ல” என்றார் றுமைஸ். “என்ட ஓட்டையும் அங்கதான் இருக்கு.”