பாதியில் மூடிய இலை

ஆரியசாலைக் கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு சைவ ஓட்டலில் நான் சூப்பர்வைசர். மதியக் கூட்டத்தில் எதிர் நாற்காலி காலியாக இருந்தால், சாப்பிடுகிறவரிடம் கேட்காமலே இன்னொருவரை உட்கார வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அன்று தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு எதிரில், தினமும் வருகிற வாடிக்கையாளர் ஒருவரை நான்தான் உட்கார வைத்தேன்.

சற்று நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இவரு மேசைக்கடியில காலை வச்சு உரசிட்டே இருக்காரு. நான் காலை இழுத்துக்கிட்டாலும் விட மாட்டேங்காரு."

அந்த ஆள் சிரித்தார். "நெருக்கத்துல கால் படத்தான் செய்யும்" என்றார்.

சத்தம் கூடினால் முதலாளி என்னைத்தான் திட்டுவார் என்று பயந்தேன். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு, "அந்த மூலைக்கு வா மோளே, புது இலை போடச் சொல்றேன்" என்றேன்.

அவள் தன் இலையைப் பார்த்தாள். சாம்பார் சாதமே பாதி மீதி இருந்தது.

"அவரு இருந்து சாப்பிடட்டும், நான் எந்திரிக்கணும். அப்படித்தானே அண்ணே?"

இலையை மூடிவிட்டுப் போய்விட்டாள். அடுத்த நிமிடம் அந்த ஆள் மோர் கேட்டார். நானும் ஊற்றினேன். அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கை கூசுகிறது.

இப்போதெல்லாம் கேட்காமல் யாருக்கும் எதிரில் யாரையும் உட்கார வைப்பதில்லை. போன வாரம் இன்னொரு பெண்ணிடம் ஒருவர் அதே வேலையைக் காட்டினார். அவர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, அவருடைய இலையை நான் மூடினேன்.