பாய்லரில் நின்ற தண்ணீர்

கொல்லயில் என்ற ஊர்ப்பக்கம் ஒரு தென்னந்தோப்பில், தகரக் கொட்டகைக்குள் நிற்கிறது எங்கள் நீராவி எஞ்சின். மூடிப்போன சர்க்கரை ஆலையிலிருந்து பதினொரு பேர் பங்கு போட்டு வாங்கியது. லாரியில் வந்து இறங்கிய அன்று நாங்கள் போட்ட ஆட்டம் கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் பதினொரு பேரில் நீராவி எஞ்சினை நிஜமாகவே ஓட்டியவர் ஒருவர்தான், ரயில்வேயில் ஓய்வுபெற்ற அண்ணன். சாவதற்குள் இன்னொரு தடவை ஓட்டிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. மற்ற நாங்களெல்லாம் வாய்ச்சவடால்தான்.

பழுதுபார்த்து முடித்து, பாய்லரில் தண்ணீர் நிரப்பி அழுத்தம் கொடுத்துச் சோதித்தோம். ஒரு சொட்டு ஒழுகவில்லை. மழைக்காலம் முடிந்துதான் தீ மூட்டுவது; அதுவரை துருப்பிடிக்காமல் இருக்க, தண்ணீரை வடித்துவிட்டு, உள்ளே தகரத் தட்டுகளில் சுட்ட சுண்ணாம்பு வைத்து மூட வேண்டும். மிச்ச ஈரத்தை அது குடித்துவிடும்.

"மக்கா, நீ தண்ணியத் திறந்து விட்டிரு. நான் நாளைக்கு சுண்ணாம்பு கொண்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு அண்ணன் போனார்.

எனக்குக் காரோடு என்ற ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாண நிச்சயம். வெள்ளை வேட்டியில் சேறு தெறிக்குமே என்று வால்வைத் தொடாமலே கிளம்பிவிட்டேன். மறுநாள் மழை பிடித்துக்கொண்டது. அண்ணன் காய்ச்சலில் படுத்தார். நான் சுத்தமாக மறந்தேன்.

ஓணம் கழிந்து திறந்தால், உள்ளே குழாய்கள் முழுக்கத் துரு தின்று ஓட்டை. யார் பார்த்த வேலை இது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"எலே, அன்னைக்குத் தண்ணி விடுறது யாருக்க வேலை? எனக்கா, உனக்கா?"

அவருக்கு அப்போது மறதி தொடங்கியிருந்தது. கேஸ் அடுப்பை அணைக்காமல் விட்டு மனைவியிடம் வசவு வாங்கியிருந்தார். அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன்.

"உங்களுக்க வேலையாக்கும், அண்ணா."

பாவி நான். கத்தியவர்கள் அடங்கிவிட்டார்கள், வயசானவரை யார் திட்டுவார்கள்? அன்றோடு அவர் ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டார். கடைக்குப் போவதென்றாலும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போனார்.

பதினொரு பேரில் ஒருவரான ஆரியங்கோட்டு ஊர்க்காரர் தன் ரப்பர் மரங்களை விற்றுப் புதுக் குழாய்களுக்குப் பணம் தந்தார். பாய்லர் மறுபடி தேறியது. ஞாயிற்றுக்கிழமை தீ மூட்டுவதாக முடிவானது. ஓட்ட வாருங்கள் என்று அண்ணனை அழைக்கப் போனேன்.

"நான் வரல்ல மக்கா. தண்ணி பாக்க மறந்தா பாய்லர் வெடிச்சு ஆளு சாவும். எனக்க தலைய நானே நம்பல்ல."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டேன். "அண்ணா, அது எனக்க வேலை. நீங்க என்னட்டதான் சொன்னீங்க. நான் பொய் சொன்னேன். உங்களுக்கு ஒண்ணும் மறக்கல்ல."

அண்ணன் கண் கலங்க என் தலையைத் தடவினார். அடுக்களைப் பக்கம் திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"எடீ, இங்க வா. கேட்டியா? எனக்க மனசு நோவப்படாதுன்னு இவன் பொய் சொல்லுறான்."