வலப்பக்கம் ஏறிய ஆர்லீனா

ஆர்லீனா மேடக்ஸ் எங்கள் டென்னசி மலைப்பக்கத்தில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். இலைகள் நிறம் மாறும் மாதத்தில் நாங்கள் ஒரு கூட்டமாகக் குதிரைகளை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு தேசியப் பூங்காவில் போய்க் கூடாரமடிப்போம். அவளும் அவளுடைய பழுப்புக் குதிரை ஜூனிப்பரும் இல்லாமல் அந்தக் கூட்டம் கிளம்பியதே இல்லை.

போன குளிர்காலத்தில் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நடந்தாள், பேருந்தும் ஓட்டினாள். ஆனால் இடது காலை மடக்கி, சேணத்தில் கால் வைக்கத் தொங்கும் அங்கவடி உயரத்துக்குத் தூக்க முடியவில்லை. குதிரையில் இடப்பக்கமாகத்தானே ஏறுவார்கள்.

கூட்டத்தை நடத்தும் ஹோபார்ட் தயங்கித் தயங்கி அவள் வீட்டுக்கு வந்தார். நானும் கூடப் போயிருந்தேன்.

“மலைமேல உன்னைத் தூக்கிவிட்டுக்கிட்டே இருக்க முடியாது ஆர்லீனா. தானா ஏற முடியாதவங்க வரக்கூடாதுன்னு எல்லாருக்கும் உள்ள சட்டம்தானே.”

“சட்டத்த நான் குறை சொல்லலையே. தானா ஏறினா வரலாம்ல?” என்றாள்.

மறுநாளே வலப்பக்கமாக ஏறப் பழகத் தொடங்கினாள். நல்ல காலை அங்கவடியில் ஊன்றி, விறைத்த காலை அந்தப் பக்கம் வீசிப் போட்டால் ஆயிற்று. ஜூனிப்பருக்கு அது பிடிக்கவில்லை. வலப்பக்கம் ஆள் வந்தாலே விலகி ஓடியது. கோடை விடுமுறை முழுக்க, விடிந்ததும் அவள் நேரே லாயத்துக்குப் போனாள். முதலில் வலப்பக்கம் சும்மா நின்று பேசினாள்; பிறகு சேணத்தின்மேல் கையை ஊன்றினாள்; பிறகு பாதி ஏறி இறங்கினாள். பள்ளி திறக்கும் நேரத்தில் குதிரை அசையாமல் நின்றது.

இலைகள் நிறம் மாறும் மாதம் வந்தது; பூங்கா முகாமிலிருந்து கிளம்பியபோது ஒரே மூச்சில் ஏறிவிட்டாள். சிக்கல் மலைமேல் வந்தது. பாதையின் குறுக்கே மரம் விழுந்து கிடந்ததால் எல்லோரும் இறங்கிக் குதிரைகளை நடத்திக் கடந்தோம். மறுபடி ஏறும்போது ஜூனிப்பர் மிரண்டு விலகியது. ஆர்லீனா சருகில் விழுந்தாள். ஹோபார்ட் ஓடிப்போய்க் கை நீட்டினார்.

“கைய எடு ஹோபார்ட். இப்ப நீ தூக்கினா அடுத்த வருஷம் என்னை விட்டுட்டு வர ஒரு சாக்கு கிடைச்சிடும்.”

“சாக்கும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். எனக்குப் பசிக்குது.”

“அப்ப ஓரமா நில்லு. சீக்கிரம் முடியும்.”

தானே எழுந்தாள். குதிரையைப் பிடித்துக்கொண்டு, நொண்டியபடியே ஓடைக்கரை வரை நடந்தாள். கரைமேட்டுக்குக் கீழே, குதிரையின் வலப்பக்கம் கரையை ஒட்டியிருக்கும்படி அதை நிறுத்தினாள். கரைமேல் நின்று, கழுத்தைத் தடவிக் காத்திருந்தாள். குதிரையின் மூச்சு தணிந்ததும் ஏறி உட்கார்ந்தாள். முகம் வலியில் வெளுத்திருந்தது.

முகாமுக்குத் திரும்பியதும் ஜூனிப்பருக்குத் தண்ணீர் காட்டி, வைக்கோல் போட்டுவிட்டுத்தான் எங்களோடு பீன்ஸும் சோளரொட்டியும் சாப்பிட உட்கார்ந்தாள்.

மறுநாள் காலையில் ஹோபார்ட், இன்று ஆற்றோரமாகச் சின்ன சுற்று போதும் என்றார். யாருக்காகச் சொல்கிறார் என்று அவளுக்குத் தெரியாதா? ஜூனிப்பரை மலைப்பாதைப் பக்கம் திருப்பினாள். ஹோபார்ட் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் போனார். நாங்களும் போனோம்.